குண்டலகேசி: தேரியின் பாடலும் பிற்காலத்தார் புனைவும்

பழம் பாடலொன்றை எடுத்துத் தம் காலத்துக்கேற்பப் புதுக்கிப் பாடுதல் எம்மொழியிலும் உள்ள வழக்கம். வியாச பாரதத்தின் ஒரு பகுதியைக் கொண்டு பாரதியார் பாஞ்சாலி சபதம் பாடி, அதன் முதற் பாகத்தை 1912-ல் வெளியிட்டார். சாத்தனார் அகவலில் யாத்த மணிமேகலையைப் பாரதிதாசனார் வெண்பாவில் அமைத்து 1962-ல் தந்தார். இத்தகைய ஆக்கங்களைக் கற்போர், மூலத்திலிருந்து எது வந்தது, புதுக்கியவர் எதைச் சேர்த்தார், எதை விடுத்தார் என்று பிரித்தறிதல் இலக்கியப் பயிற்சியில் ஒரு பகுதியாகும்.

நம்மைப் போன்று புதிதாகத் தம்மத்தைத் தழுவியோர்க்கு இது வெறும் இலக்கியப் பயிற்சி மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாகத் திரிபிடகத்தை ஓதிவரும் வீடு நம் வீடுகளில் இல்லை. நம்மிற் பெரும்பாலோர் பகவன் புத்தரையும் அவர்தம் சீடர்களையும் முதன்முதல் அறிந்துகொண்டது புதுக்கப்பட்ட பாடல்கள் வாயிலாகவும், பள்ளிப் பாடநூல் வாயிலாகவும், நாடகம் திரைப்படம் வாயிலாகவுமே. சைனிக்புரியில் படைப்பணி முடித்துக் குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். அவர்களுக்குக் கிடைப்பனவும் இவ்வாறு புதுக்கப்பட்டனவே. தெலுங்கிலும் இம்மரபு செழிப்பானது. அசுவகோசரின் வடமொழிச் சௌந்தரநந்தத்தைப் பிங்களி இலக்குமிகாந்தமும் காடூரி வேங்கடேசுவரராவும் இணைந்து தெலுங்கில் புதுக்கி 1932-ல் வெளியிட்டனர்.

ஆதலின் ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அது காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதை இப்பாடத்தில் காண்போம். அது பத்தா குண்டலகேசி என்னும் தேரி பாடியது. தமிழில் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்தவரும் இவரே.

பாலி மொழியிலுள்ள தேரிகாதை என்னும் நூல், முற்காலப் பிக்குணிகள் தம் வாழ்வையும் விடுதலையையும் குறித்துப் பாடிய ஏறத்தாழ 520 செய்யுட்களின் தொகுப்பு. உலக இலக்கியத்தில் பெண்கள் பாடிய பாடல்களாகவே தொகுக்கப்பட்ட மிகப் பழைய நூல்களுள் இஃதொன்று. அதில் ஐந்து செய்யுட்களாலாகிய பாடல்களைத் தொகுத்த பகுதியில் குண்டலகேசியின் பாடல் உள்ளது. 107 முதல் 111 வரையுள்ள செய்யுட்கள் அவருடையவை.

அவ்வைந்தில் அவர் கூறுவது யாது? மயிர் களைந்து, அழுக்கேறிய மேனியோடு, ஒற்றையாடை உடுத்து முன்பு திரிந்ததைக் கூறுகிறார். குற்றமில்லாததைக் குற்றமென்றும் குற்றமுள்ளதைக் குற்றமற்றதென்றும் அப்போது எண்ணியிருந்ததாக ஒப்புக்கொள்கிறார். பின்னர்க் கழுகு மலையில் பகற்பொழுதைக் கழித்து இறங்கி வருகையில், பிக்குகள் சூழ்ந்து நிற்கப் பகவனைக் கண்டதையும், முழந்தாளிட்டு வணங்கிக் கைகூப்பி நின்றதையும் கூறுகிறார். பெயர் சொல்லி அழைத்து வருக என்று பகவன் மொழிந்ததே தமக்குத் துறவேற்பாயிற்று என்கிறார். அதன்பின் அங்கம், மகதம், வச்சி, காசி, கோசலம் ஆகிய நாடுகளில் ஐம்பதாண்டு நடந்து திரிந்து, அந்நாட்டு மக்களின் உணவைக் கடனின்றி உண்டதைக் குறிப்பிடுகிறார். கட்டனைத்தும் நீங்கிய பத்தைக்கு ஓர் ஆடை ஈந்த அறிவுடைய உபாசகர் ஒருவர் மிக்க புண்ணியம் ஈட்டினார் என்பது கடைசிச் செய்யுள்.

இவ்வளவே. குண்டலகேசி என்றவுடன் நம் நினைவுக்கு வரும் கள்வன் இதில் இல்லை, மலையுச்சியும் இல்லை, கணவனைத் தள்ளிய செய்தியும் இல்லை, வாதப்போரும் இல்லை. சாரிபுத்தர் பெயர்கூட இல்லை.

கள்வன் கதை உரைநூல்களில் வருவது. தேரிகாதைக்கு உரைகண்ட ஆசாரிய தம்மபாலரும், தம்மபத அட்டகதையும் அதனை விரிவாகச் சொல்கின்றன. தம்மபாலர் பதரதித்த விகாரையில் வாழ்ந்தவர் என்பது மரபு. அவ்விகாரை தென்னிந்தியக் கடற்கரையைச் சார்ந்தது என்பர். ஆகவே இக்கதையைப் பேணிய கைகளில் ஒன்று நம் பக்கத்துக் கை எனலாம். பாடல் இயன்று பல நூற்றாண்டு கழிந்தபின் எழுதப்பட்டவை இவ்வுரைகள். எனினும் வாய்மொழியாக வந்த பழஞ்செய்திகளை அவை சுமந்திருக்கக் கூடும். எழுதப்பட்ட காலம் பிற்பட்டது என்ற ஒன்றையே கொண்டு, உரை சொல்வதெல்லாம் கற்பனை என்று ஒதுக்குதல் முறையன்று.

உரைகள் கூறுவது இது. இராசகிருகத்துச் செல்வரின் மகள் பத்தை. அரச புரோகிதரின் மகனாகிய சத்துகன் களவில் பிடிபட்டுக் கொலைக்களம் கொண்டுசெல்லப்படுகையில், மாடத்திலிருந்து அவனைக் கண்டு காதலித்து, அவனின்றி உயிர்வாழேன் என்று உணவு மறுத்தாள். தந்தை காவலர்க்குப் பொருள் கொடுத்து அவனை மீட்டு மணமுடித்தார். சில நாளில் அவன் மனம் அவள் அணிகலன்மேற் சென்றது. கள்வரைத் தள்ளும் மலையிலுள்ள தேவதைக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, அவளை அணிகலன்களுடன் அழைத்துச் சென்றான். உச்சியில் உண்மை வெளிப்பட்டது. கடைசியாக ஒருமுறை வலம்வந்து வணங்க இசைவு கேட்ட அவள், பின்னால் வந்தபோது அவனைத் தள்ளிவிட்டாள். மலைத் தேவதை, அறிவு ஆடவர்க்கே உரியதன்று, விரைந்து காணும் பெண்ணும் அறிவுடையவளே என்னும் கருத்துப்பட அவளைப் பாராட்டியது.

வீடு திரும்ப மனமின்றி அவள் நிகண்டப் பெண்துறவியருடன் சேர்ந்தாள். பனைமட்டைச் சீப்பால் மயிர் பறிக்கப்பட்டு, மீண்டும் முளைத்தபோது சுருண்டு வளர்ந்ததால் குண்டலகேசி எனப் பெயர் பெற்றாள் என்று தேரிகாதை உரை காரணம் காட்டுகிறது. வாதக் கலை பயின்று, ஊர் ஊராகச் சென்று, ஊர்வாயிலில் மணற்குவியலில் நாவற்கிளை நட்டு, என்னொடு வாதிட வல்லவர் இதனை மிதிக்க என்று சிறுவரைக் காவல் வைத்தாள். சாவத்தியில் சாரிபுத்தர் அக்கிளையை மிதிக்கச் செய்தார். அவள் கேட்டதற்கெல்லாம் அவர் விடை கூறினார். பின் அவர் கேட்டது ஒரே வினா: ஒன்று என்பது யாது? அவளுக்கு விடை தெரியவில்லை.

இவ்விடத்தே சற்று நிற்க வேண்டும். அந்த வினா சிறுவர்க்குரிய வினா. குத்தகபாடத்தில் இளஞ்சாமணேரர்க்குக் கேட்கப்படும் பத்து வினாக்களுள் முதலாவது அது. எல்லா உயிரும் உணவினால் நிலைபெறுகின்றன என்பதே அங்கே அதற்குரிய விடை. ஆயிரம் வாதங்களில் வென்ற பெண்ணுக்குத் தெரியாதது உணவைப் பற்றிய உண்மை. இதை எண்ணும்போது, அமுதசுரபி ஏந்திய மணிமேகலை நம் நினைவுக்கு வராமற் போகாது. உணவளித்தலையே உயிரளித்தலாகக் கண்ட தமிழ்க் காப்பியமும் இந்தச் சிறுவர் வினாவும் ஒரே மரத்தின் கிளைகள். இஃது அடியேன் கருத்து. உரையாசிரியர் இவ்வாறு ஒப்பிடவில்லை.

வாதத்தில் தோற்ற குண்டலகேசி பகவனிடம் சென்று தம்மம் கேட்டுச் சங்கம் புகுந்தார். தம்மபதத்தின் 102, 103-ஆம் செய்யுட்கள் இவர் பொருட்டு அருளப்பட்டன என்று அட்டகதை கூறும். விரைந்து உணரும் ஆற்றலில் பிக்குணிகளுள் முதன்மையானவர் இவர் என்று அங்குத்தர நிகாயம் குறிக்கிறது.

பாடலுக்கும் உரைக்கும் உள்ள முரண் ஒன்றைக் கவனிக்க. பாடலில் அவர் பகவனை நேரே காண்கிறார். இடம் இராசகிருகத்துக் கழுகு மலையடி. வருக என்ற ஒரு சொல்லே துறவேற்பு. உரையிலோ இடையில் சாரிபுத்தர் வருகிறார், சாவத்தி நகரம் வருகிறது. வருக என்ற அழைப்பால் மட்டுமே துறவேற்றவர் என ஒரு பெண்ணைக் கொள்ளுதல் உரையாசிரியர்க்கு இடர்ப்பாடாகத் தோன்றியது. ஆகவே, பிக்குணிகள் உறைவிடம் சென்று முறைப்படி துறவேற்க என்பதே அச்சொல்லின் பொருள் என்று அமைதி கூறினர். சங்கத்தின் விதிமுறைக்கு அவ்விளக்கம் தேவையாக இருந்திருக்கலாம். ஆயினும் அவர்தம் வாயால் சொன்னது வேறு. பகவன் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார், அதுவே எனக்குத் துறவு என்று அவர் சொன்னார். நம் பெண்மக்கள் இவ்விரண்டையும் அறிதல் வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசிக் காப்பியம் நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. புறத்திரட்டில் எஞ்சியன 19 செய்யுட்களே. யாக்கை நிலையாமையும் உடலின் இயல்பும் அவற்றில் மிகுதி. குழவிப் பருவம் முதலாக ஒவ்வொரு பருவமும் இறந்தே அடுத்தது வருகிறது என்று எண்ணச் செய்யும் செய்யுள் அவற்றுள் ஒன்று. தமிழ் கற்றோர் பலரும் அறிந்தது. ஆயினும் அந்த 19-ஐக் கொண்டு கதையைத் தொடர்ச்சியாக அமைக்க இயலாது.

கதை நமக்குக் கிடைப்பது பகைவர் நூலிலிருந்து. குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் ஒருவர் இயற்றியது நீலகேசி. அதில் குண்டலகேசி வாதச் சருக்கம் என்றே ஒரு பகுதியுண்டு. அங்கே நீலகேசி குண்டலகேசியை வென்று, பின் அருக்கசந்திரர், மொக்கலர் ஆகியோரையும், இறுதியில் புத்தரையுமே வாதில் வெல்வதாகப் பாடப்பட்டுள்ளது. அந்நூலுக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையில்தான் குண்டலகேசியின் வரலாறும், இழந்துபோன காப்பியத்துச் செய்யுட்களின் முதற்குறிப்புகளும் காணப்படுகின்றன. அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை 1936-ல் பதிப்பித்தார். மறுப்பதற்காக எடுத்தாண்டவர்களே நமக்காகக் காத்தும் வைத்தனர் என்னும் இவ்விநோதத்துக்கு நாம் சமணர்க்கு நன்றியுடையோம். நீலகேசி இல்லையேல் தமிழ்க் குண்டலகேசி பெயரளவிலேயே நின்றிருக்கும்.

தமிழில் வழங்கும் கதையில் ஒரு மாற்றம் உண்டு. கணவன் அவளைக் கொல்லத் துணிந்ததற்குக் காரணம் பாலியில் அணிகலன் ஆசை. தமிழிலோ, ஊடற்பொழுதில் அவள், நீ கள்வன் அல்லனோ என்று விளையாட்டாகச் சொல்லிவிட, அச்சொல் அவன் நெஞ்சில் தைத்துச் சினமாக வளர்ந்தது. பாலிக்கதை ஆசையின் கதை. தமிழ்க்கதை சினத்தின் கதை. இம்மாற்றம் யாருடையது, ஏன் நேர்ந்தது என்று துணிந்து கூறுதற்கில்லை. ஆயினும் ஊடலும், ஊடலில் பிறக்கும் சொல்லும் தமிழ் அகப்பாட்டு மரபுக்கு எத்துணை நெருக்கமானவை என்பதைத் தமிழ் கற்றோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. வந்த கதையைத் தமிழர் தம் வீட்டுக் கதையாக்கிக்கொண்டனர். புதுக்குதல் என்பது இதுதான். இதில் குற்றமில்லை.

அடுத்த மாற்றம் வெள்ளித்திரையில் நிகழ்ந்தது. மு. கருணாநிதி குண்டலகேசிக் கதையைத் தழுவி எழுதிய மந்திரி குமாரி, சேலம் மாடர்ன் தியேட்டர்சின் படமாக 1950-ல் வெளிவந்தது. எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கினர். மந்திரியின் மகளாக மாதுரி தேவியும், அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் கணவனாக எஸ். ஏ. நடராசனும் நடித்தனர். ஜி. இராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, இருவரும் மலைமேற் செல்லும் காட்சி, எழுபதாண்டுக்கு மேலாகியும் பலர் நெஞ்சில் நிற்கிறது.

அப்படத்தைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. பழங்காப்பியத்தின் பெயரைக்கூட அறியாத பல்லாயிரம் மக்களிடம் அப்பெண்ணின் துணிவை அது கொண்டு சேர்த்தது. சூழ்ச்சி செய்யும் இராசகுருவைக் கதையில் அமைத்து, அக்காலத்துப் பகுத்தறிவு இயக்கத்தின் குரலையும் அதில் ஒலிக்கச் செய்தார் ஆசிரியர். அது அவர் உரிமை. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். திரைப்படம் எடுத்துக்கொண்டது மலையுச்சி நிகழ்ச்சியை. அதனைச் சுற்றி அரண்மனைப் பூசலை அமைத்தது. நாவற்கிளை நட்டு நாடெங்கும் வாதிட்ட பெண்ணும், ஒன்று யாது என்ற வினாவின்முன் வாயடைத்து நின்ற பெண்ணும் அதன் பொருளல்லர். பாலியில் மலையுச்சி முதற்படி. அதன்பின்னரே அவர் வாழ்வு தொடங்குகிறது. திரையில் மலையுச்சியே உச்சி.

இதனால் விளைந்தது யாது? நம் வீடுகளில் குண்டலகேசி யார் என்று கேட்டால், கணவனைத் தள்ளிக் கொன்றவள் என்ற விடையே முந்திக்கொண்டு வருகிறது. பஞ்சசீலத்தின் முதற் சீலத்தை ஏற்ற நமக்கு அது கூச்சத்தையும் தருகிறது. சிலர் அச்செயலுக்குச் சமாதானம் தேடுவர். சிலர் கதையையே பிள்ளைகளுக்குச் சொல்லாது விடுவர். இரண்டும் வேண்டா. உயிர்காக்கும் பொருட்டு அவர் செய்ததாகவும், அப்போது அவர் தம்மம் அறியாதவர் என்றும் உரை மறைக்காமற் கூறுகிறது. கூறியபடியே நாமும் கூறலாம். ஆனால் தம்மைப் பற்றி ஐந்தே செய்யுட்கள் பாடியவர், எதைச் சொல்லத் தேர்ந்தார் என்பதை அதற்கு முன்னே சொல்ல வேண்டும்.

புதுக்குதலில் குற்றமாவது எது என்பதற்கு அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றுண்டு. தேரிகாதை முழுவதையும் தழுவி மாட்டி வைன்காஸ்ட் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைநூலை, அமெரிக்காவின் ஷம்பாலா பதிப்பகம் 2020-ல் வெளியிட்டது. முதல் விடுதலைப் பெண்கள் என்ற பொருள்படும் தலைப்பின் கீழ், முற்காலப் பௌத்தப் பிக்குணிகளின் கவிதைகள் என்று துணைத்தலைப்பு இருந்தது. எளிய இனிய ஆங்கிலம். பலர் விரும்பிப் படித்தனர். தேரிகளின் சொல்லென்றே எண்ணிப் படித்தனர். பாலி கற்ற பிக்குகளும் அறிஞரும் மூலத்தோடு வைத்துப் பார்த்தபோது, பல கவிதைகளில் மூலத்தின் பொருள் இல்லை, அவை புதிய ஆக்கங்களே என்று கண்டனர். கண்டனம் எழுந்தது. பின்னர்த் துணைத்தலைப்பு மாற்றப்பட்டு, பிக்குணிகளால் தூண்டப்பட்ட புதுக்கவிதைகள் என்ற பொருளில் நூல் மீண்டும் வந்தது.

அந்நூலாசிரியர் தீய எண்ணத்தால் செய்தார் என்று சொல்ல நமக்கு இடமில்லை. அழகிய கவிதை எழுதுதலும் பிழையன்று. பிழை அட்டையில் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக வாய்மொழியாலும் ஓலையாலும் காக்கப்பட்டு வந்த பெண்களின் சொல் அதில் இருக்கிறதென்று நம்பி வாங்கியவர்க்கு, இக்காலத்து ஆடவர் ஒருவரின் சொல் கிடைத்தது. பேசும் உரிமை மறுக்கப்பட்ட குலங்களிலிருந்து வந்த நமக்கு இதன் கனம் மற்றவரினும் நன்கு விளங்கும். நம்மைப் பற்றி எழுதுவோர் பலர். நாம் சொன்னது இதுவெனப் பிறர் சொல்லைக் காட்டுதல் வேறு.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டுகளும் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ஆசிய ஜோதி (1941) நம் இல்லங்களில் பெரிதும் வழங்குவது. அஃது எட்வின் ஆர்னால்டு 1879-ல் ஆங்கிலத்தில் பாடிய நூலின் தழுவல் என்பது யாவரும் அறிந்தது. ஆர்னால்டு பூனாவில் கல்லூரி முதல்வராயிருந்தவர். பால் தர அஞ்சிய ஆட்டிடைச் சிறுவனிடம், இரத்தத்திலும் கண்ணீரிலும் சாதியில்லை என்று பகவன் மொழியும் பகுதி அவருடைய ஆங்கிலத்தில் உள்ளது. கவிமணி அதனை எளிய தமிழில் உருக்கமாகப் பாடினார். அச்சொற்கள் அப்படியே பாலியில் உள்ளன என்று நாம் மேற்கோள் காட்டுதல் கூடாது. பிறப்பால் எவரும் உயர்ந்தவராகார் என்னும் உபதேசத்துக்குப் பாலியிலேயே வாசெட்ட சூத்திரமும் வசல சூத்திரமும் இருக்க, கவிமணியின் பாடலைச் சான்றாக்க வேண்டிய தேவையும் நமக்கில்லை. பாடலைப் பாடலாகப் பாடி மகிழ்வோம்.

டாக்டர் அம்பேத்கரின் புத்தரும் அவர் தம்மமும் (1957) என்னும் நூலையும் இங்கே நினைக்க. பெரியார்தாசன் தமிழாக்கத்தில் நம்மிற் பலர் கற்றது. சித்தார்த்தர் துறவு பூண்டதற்கு மூப்பு, பிணி, சாக்காடு கண்டதே காரணம் என்ற மரபுக்கதையை அண்ணல் ஏற்கவில்லை. ஏலாமைக்குக் காரணத்தை முன்னுரையிலேயே எழுதினார். அதன்பின்னரே உரோகிணி ஆற்று நீர்ப்பூசலைக் காரணமாக வைத்துக் கதையை அமைத்தார். உடன்படுவோரும் மறுப்போரும் உளர். ஆயினும் வாசகர் எவரும் ஏமாற்றப்படவில்லை. மாற்றியவர், மாற்றினேன் என்று வாயிலிலேயே நின்று சொன்னார்.

மீண்டும் தேரியின் ஐந்து செய்யுட்களுக்கு வருவோம். அவற்றுள் நான்காவதில் வரும் சொல் ஒன்றை எந்தப் புதுக்கமும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பது எம் எண்ணம். அனணா என்பது அச்சொல். கடன் இல்லாதவள் என்பது பொருள். ஐம்பதாண்டு நாட்டாரின் சோற்றைக் கடனின்றி உண்டேன் என்கிறார்.

பிக்குவும் பிக்குணியும் பிறர் இட்ட உணவை உண்பவர். அவ்வுணவுக்குத் தகுதியுடையோராக வாழாவிடின் அது களவு. சீலம் இருந்தும் சிந்தனையின்றி உண்டால் அது கடன். பயிற்சியில் நிற்போர்க்கு அது தாயம். ஆசவங்கள் அனைத்தும் அற்ற அருகதர்க்கே அது தம் உடைமை. விசுத்திமார்க்கம் இவ்வாறு நால்வகையாகப் பிரிக்கும். மகாகாசியபர் தாம் துறவேற்ற முதல் ஏழு நாள் மக்களின் சோற்றைக் கடனாளியாக உண்டதாகவும், எட்டாம் நாள் ஞானம் பிறந்ததாகவும் சங்யுத்த நிகாயத்தில் கூறுகிறார். அத்துணைப் பெரிய தேரர் எண்ணிச் சொன்ன கணக்கையே குண்டலகேசியும் சொல்கிறார். வாதில் வென்ற ஊர்களை அவர் எண்ணவில்லை. நடந்த நாடுகளையும் உண்ட சோற்றையும் எண்ணுகிறார்.

கடன் என்ற சொல் நம் முன்னோர்க்கு ஏட்டுச்சொல் அன்று. தந்தை வாங்கிய சிறு தொகைக்கு மகன் பண்ணையாளாக உழைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் எண்ணற்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல்தான் வந்தது. பிறரிடம் சோறு பெற்றும் எவர்க்கும் கடன்படாமல், எவர்க்கும் தலைகுனியாமல் ஐந்து நாடுகளில் ஐம்பதாண்டு ஒரு பெண் நடந்தாள் என்பதை, அத்தகைய குடும்பத்திற் பிறந்த ஒரு பெண் கேட்டால் அவளுக்கு அது வெறும் பழங்கதையாக இராது. மலையுச்சிக் கதையைவிட இதனை அவளுக்கு முதலிற் சொல்லுதல் தகும். தமிழில் குண்டலகேசியை இனிப் புதுக்கிப் பாடுவோர் எவரேனும் நம்மிடையே தோன்றின், இச்சொல்லிலிருந்து தொடங்குவாராக. தாம் பாடியது தம் பாடலென்று முதற்பக்கத்தில் எழுதுவாராக.

வட்டமாக அமர்ந்து கற்கும் அன்பர்கள், முதலில் 107 முதல் 111 வரையுள்ள செய்யுட்களைப் பாலியில் ஒருவர் ஓத, மற்றொருவர் பொருள் சொல்லக் கேட்க. பின்னர் உரைக்கதையைச் சொல்க. அதன்பின் நீலகேசி உரையிலுள்ள வரலாற்றையும், விரும்பின் திரைப்படத்தையும் ஒப்பிடுக. இவ்வரிசையை மாற்றினால் மலையுச்சி முதலில் வந்து மற்றவற்றை மறைத்துவிடும் என்பதை அனுபவத்தில் காணலாம்.

ஐந்தாம் செய்யுளைப் பற்றி ஒரு குறிப்பு. அதில் ஆடை ஈந்த உபாசகரின் பெயர் இல்லை. ஊரும் இல்லை. அறிவுடையவர் என்ற அடைமொழி மட்டுமே உள்ளது. தம் பாடலின் கடைசிச் செய்யுளைத் தேரி தமக்கென வைத்துக்கொள்ளாமல், துணி கொடுத்த இல்லறத்தார் ஒருவர்க்குக் கொடுத்திருக்கிறார்.